மூன்றாவது இரவில் நடந்ததை யார் சொல்வது?

2016 ஜூன் மாதம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆஸ்டோரியாவில் தொடங்கி, கிழக்குக் கரையில் யார்க்டவுனில் முடியும் டிரான்ஸ் ஆம் சைக்கிள் போட்டி கடைசிக் கட்டத்தில் இருந்தது. சுமார் 6,800 கி.மீ. தூரம். உதவிக்குப் பின்னால் வண்டி வராது. பஞ்சர் ஆனாலும் பசித்தாலும் அவரவர் பாடு. முன்னணியில் இருந்தவர் கிரீஸிலிருந்து வந்திருந்த ஸ்டெஃபன் ஷ்ட்ரைஷ். கடைசி இரவில் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து எழுந்தவர், சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கினார். வந்த வழியிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. எதிரே ஒரு விளக்கு வந்தது. இரண்டாவது இடத்தில் துரத்திக்கொண்டிருந்த அலாஸ்காவைச் சேர்ந்த லேல் வில்காக்ஸ்.

சேர்ந்தே போய் முடித்துவிடலாமே என்று ஷ்ட்ரைஷ் கேட்டார். இது போட்டி என்று சொல்லிவிட்டு வில்காக்ஸ் வேகமெடுத்தார். 18 நாள் 10 நிமிடத்தில் யார்க்டவுனை அடைந்து, ஆண்கள் பெண்கள் எல்லாரையும் முந்தி முதலிடம் பிடித்தார். வில்காக்ஸின் பேட்டிகளில் இந்தச் சம்பவம் தவறாமல் வரும். கேட்பவர்கள் அவருடைய பதிலில் இருக்கும் மிடுக்கை ரசிப்பார்கள். எனக்கென்னவோ ஷ்ட்ரைஷ்மேல்தான் கண் போகிறது. கடைசி இரவு வரை முன்னணியைக் காப்பாற்றத் தெரிந்த ஒருவருக்குக் கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியாமல் போயிருக்கிறது. அந்த நிலையில் இருக்கும் மனிதர்தான் பிறகு வந்து உட்கார்ந்து, என்ன நடந்தது என்று நமக்குச் சொல்லப்போகிறார்.

நெடுந்தூர சைக்கிள்காரர்கள், மலையேறிகள், தனியாகக் கடல் சுற்றுபவர்கள் ஆகியோரின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அவர்கள் வாயாலேயே வந்தது. நூற்றாண்டுக்கும் மேலாகப் பேட்டிகளாக, புத்தகங்களாக, மேடைப் பேச்சுகளாக, இப்போது ஒலிப்பதிவுகளாகக் குவிந்து கிடக்கிறது. பெரும்பாலான சமயம் வேறு சாட்சி கிடையாது. இந்தப் பேச்சில் எதை நம்பலாம், எதைத் தள்ளுபடி செய்து கேட்கவேண்டும் என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ஏன் போனீர்கள் என்ற கேள்விக்கு இவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் வலுவில்லாதது என்பது என் எண்ணம். என்ன தின்றீர்கள், எங்கே படுத்தீர்கள், செலவுக்கு யார் கொடுத்தார்கள், வீட்டில் யாரை விட்டுவந்தீர்கள் என்று கேட்கும்போதுதான் ஒரு வாழ்க்கை வெளியே வருகிறது.

எவரெஸ்டில் ஏன் ஏற விரும்புகிறீர்கள் என்று 1923-ல் நியூயார்க்கில் கேட்கப்பட்டபோது மலையேறி ஜார்ஜ் மல்லோரி சொன்னதாக உலகம் முழுக்கப் பரவிய “அது அங்கே இருப்பதால்” என்ற ஒற்றை வரி, இந்தக் கேள்வியையே கெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அதேபோல் அழகாக ஏதாவது சொல்லத் தயாராகவே வருகிறார்கள். கேட்பவர்களும் அந்த வரிக்காகக் காத்திருக்கிறார்கள்.

டெர்வ்லா மர்ஃபியை எடுத்துக்கொள்வோம். 1931-ல் பிறந்தவர், அயர்லாந்தின் லிஸ்மோர் என்ற சிற்றூர்க்காரர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு உலக வரைபடப் புத்தகமும் கிடைத்தன. ஊருக்குப் பக்கத்திலிருந்த மேட்டில் சைக்கிளை மிதித்து ஏறும்போது, இப்படியே மிதித்துக்கொண்டே இருந்தால் இந்தியாவுக்குப் போய்விடலாம் என்று தோன்றியதாம். அவரைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் இந்தக் காட்சியைத்தான் எடுத்தாள்கிறார்கள். பொய்யென்று சொல்ல எனக்குக் காரணமில்லை. ஆனால் அவர் கிளம்பியது 1963 ஜனவரியில். இடையிலே இருபது வருடத்துக்கும் மேல் ஓடிப்போயிருக்கிறது. 14 வயதில் பள்ளியை விட்டு நின்றார். மூட்டுவாதத்தால் முடங்கிப்போன அம்மாவைக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்து, இரவில் எழுந்து பார்த்து, அதிலேயே இளமை முழுதும் போனது. 1961-ல் அப்பா இறந்தார், 1962-ல் அம்மா. அடுத்த குளிர்காலத்தில், ஐரோப்பாவே பனியில் உறைந்து கிடந்தபோது, கைத்துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு ரோஸ் என்று பெயரிட்ட சைக்கிளில் தனியாகப் புறப்பட்டுவிட்டார். யுகோஸ்லாவியாவில் ஓநாய்கள் பாய்ந்தபோது அந்தத் துப்பாக்கி பயன்பட்டது. ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தாண்டி டெல்லி வந்தார். அங்கிருந்து தர்மசாலா போய்த் திபெத்திய அகதிக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டார்.

அம்மாவோடு கழிந்த ஆண்டுகளை அவர் மறைக்கவில்லை. 1979-ல் வெளிவந்த தன்வரலாற்றில் மனத்தாங்கல், கோபம், குற்றவுணர்ச்சி எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் பேட்டி காண வந்தவர்களுக்குப் பத்து வயதுச் சிறுமியின் கதைதான் இனித்தது. தைரியசாலி என்று யாராவது பாராட்டினால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. பயம் இருந்து அதை அடக்கினால்தானே தைரியம், எனக்குப் பயமே வருவதில்லையே என்பார். பிற்காலத்தில் ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு குடகு வரை வந்து ஒரு புத்தகமும் எழுதினார். தென்னிந்தியாவைப் பற்றி வெளிநாட்டார் எழுதியவற்றுள் புழுதியும் வயிற்றுப்போக்கும் மறைக்கப்படாத சிலவற்றில் அது ஒன்று.

ஜெர்மனியின் ஹோவல்ஹோஃப் ஊர்க்காரர் ஹைன்ஸ் ஷ்டுக்க, 1962-ல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு மூன்று கியர் சைக்கிளில் கிளம்பினார். ஐம்பது வருடம் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி அந்தத் தொழிற்சாலைக்குள் நுழையக்கூடாது என்பதுதான் அவர் சொல்லும் காரணம். வழியில் தன் பயணத்தைப் பற்றிய சிறு புத்தகங்களையும் படங்களையும் தெருவில் விரித்து விற்றுச் சாப்பிட்டார் என்று அவரே சொல்வது, அந்தக் காரணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு வேலையை விட்டவருக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆன் மஸ்டோ இங்கிலாந்தில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. 1983-ல் ராஜஸ்தான் பாலைவனத்தில் பஸ் ஜன்னல் வழியாக ஒரு வெள்ளைக்காரர் சைக்கிள் மிதித்துப் போவதைப் பார்த்தார். நான்கு வருடம் கழித்து வேலையை விட்டார், 54 வயதில் உலகைச் சுற்றக் கிளம்பினார். கூடாரத்தில் படுப்பது அவருக்குப் பிடிக்காது. பஞ்சர் ஒட்டத் தெரியாது. அதையெல்லாம் முதல் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டதால் அவர் சொல்லும் மற்றவற்றையும் நம்ப முடிகிறது.

இந்த வரிசையில் சாட்சியத்துக்கே பெரும் சவாலாக நிற்பவர் ஆனி லண்டண்டெரி. உண்மைப் பெயர் ஆனி கோகன் கொப்சோவ்ஸ்கி. லாட்வியாவில் பிறந்து பாஸ்டனில் குடியேறிய யூதப் பெண், மூன்று குழந்தைகளின் தாய். 1894-ல் பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார். ஒரு தண்ணீர் பாட்டில் நிறுவனம் 100 டாலர் கொடுத்து, தன் பெயரை அவர் பெயராகவே சூட்டிக்கொள்ளச் செய்தது. இரண்டு பணக்காரர்கள் கட்டிய பந்தயம்தான் பயணத்துக்குக் காரணம் என்றார். அப்படியொரு பந்தயம் நடந்ததற்குச் சரியான ஆதாரம் கிடையாது. ஒரு ஊர் நிருபரிடம் அநாதை என்பார், இன்னொரு ஊரில் மருத்துவ மாணவி என்பார். இந்தியாவில் ஜெர்மன் இளவரசர்களோடு புலி வேட்டைக்குப் போனதாகவும் சொன்னார். உண்மையில் மார்செய்யில் ஏறிய நீராவிக் கப்பல் ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் என்று துறைமுகம் துறைமுகமாக நின்று போயிற்று. புலியைத் தேடக் கரையிறங்கிப் போக நேரமேது? சைக்கிளில் போனார் என்பதைவிடச் சைக்கிளோடு போனார் என்பதே சரி என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தார்கள். ஆனால் நிருபர்களுக்கு எது வேண்டும் என்று அவர் தெரிந்துவைத்திருந்ததைப் பார்த்தால், இன்றைய சாகசத் தொழிலுக்கு அவரையே முன்னோடி என்று சொல்லத் தோன்றுகிறது. விளம்பரதாரர், அழகான காரணம், கதை சொல்லும் திறமை ஆகிய மூன்றும் 1894-லேயே கூடிவந்துவிட்டன.

வேண்டுமென்றே சொன்ன பொய் ஒரு வகை. மூளையே ஏமாற்றுவது இன்னொரு வகை. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ராம் என்ற போட்டி 1982-ல் நான்கே பேரோடு தொடங்கியது. அந்த நால்வரில் ஒருவர் மைக்கேல் ஷெர்மர். அடுத்த வருடப் போட்டியில் நெப்ராஸ்கா மாநிலத்தில், 83 மணி நேரம் தூங்காமல் சுமார் 2,000 கி.மீ. மிதித்து வந்த நிலையில், அவருடைய உதவிக்குழுவின் வேன் விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தது. கொஞ்சம் படுத்துக்கொள்ளச் சொல்வதற்காக வந்தவர்களை, வேற்றுக்கிரகத்திலிருந்து இறங்கியவர்கள் என்று ஷெர்மர் நம்பிவிட்டார். தன் நண்பர்களைப்போலவே உருவெடுத்து வந்திருக்கிறார்களாம். சின்ன வயதில் பார்த்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அந்த வேற்றுக்கிரகவாசிகளுக்குச் சுண்டுவிரல் மடங்காது. அதனால் ஒவ்வொருவர் விரலாகப் பார்த்தார். மெக்கானிக்கை நிறுத்திச் சைக்கிள் விஷயமாகக் குறுக்கு விசாரணை செய்தார். ஆள் சரியாகவே பதில் சொன்னார், ஷெர்மருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்ததும் எல்லாம் தெளிந்தது. அதே ஷெர்மர்தான் பிற்காலத்தில் மூடநம்பிக்கைகளை ஆராயும் எழுத்தாளராகப் பெயர் பெற்றார். தன் கண்ணால் கண்டேன் என்று யார் சொன்னாலும் அவர் நெப்ராஸ்காவை நினைத்துக்கொள்வார் போலும். அவர் பெயர் மருத்துவப் பேச்சிலும் நிலைத்துவிட்டது. பல நாள் குனிந்தே மிதித்ததில் கழுத்துத் தசைகள் செயலிழந்து தலை தொங்கிப்போவதை, இந்த வட்டாரத்தில் ஷெர்மர் கழுத்து என்கிறார்கள். அப்படி ஆனவர்கள் தாடைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு ஓட்டி முடித்ததுண்டு.

ராம் போட்டியை ஐந்து முறை வென்ற ஸ்லோவேனிய ராணுவ வீரர் யூரே ரோபிச் இன்னும் ஒரு படி மேலே போனவர். மூன்றாவது நாளுக்குப் பிறகு அவர் பேச்சு குழறும், அழுவார், சைக்கிளை விட்டு இறங்கிச் சாலையோரத் தபால் பெட்டிகளோடு சண்டைக்குப் போவார். தாடி வைத்த குதிரை வீரர்கள் துரத்துகிறார்கள் என்று அலறுவார். இல்லை என்று வாதாடிப் பயனில்லை என்று உதவிக்குழு கண்டுகொண்டது. ஆமாம், வந்துவிட்டார்கள், சீக்கிரம் மிதி என்று அவர்களும் சேர்ந்து கத்துவார்கள். எப்போது தூங்குவது, என்ன சாப்பிடுவது என்பதையெல்லாம் குழுவே முடிவு செய்தது. ரோபிச்சின் வேலை மிதிப்பது மட்டும். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்த நுட்பமான விஷயங்கள் பெரும்பாலும் அந்தக் குழுவினர் வாயிலிருந்து வந்தவை. சாகசக்காரரிடம் ஒலிவாங்கியை நீட்டுவதோடு, பின்னால் வேன் ஓட்டியவரிடமும் ஒன்றை நீட்டவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உடம்பின் எல்லை எங்கே என்பதற்குத் தூக்கத்தைப்போலவே வயிறும் பதில் சொல்கிறது. 2015-ல் அமெரிக்காவை ஓடியே கடந்தவர்களை ஆராய்ந்த ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் 2019-ல் வெளியிட்ட முடிவு இது: வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும் உழைப்பில் மனித உடல் தாங்கக்கூடிய உச்சம், சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் சக்தியைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. அதற்கு மேல் செலவழித்தால் உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும். காலில் வலு இருந்தாலும் குடல் அதற்குமேல் சத்தை உறிஞ்சித் தராது என்பது அவர்கள் தரும் விளக்கம். நெடுந்தூரக்காரர்கள் பேச்சில் சாப்பாடு ஏன் இவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்க்கவில்லை.

போட்டியே இல்லாமல் தூரம் போகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ரான்டனர் என்று பெயர். 200 கி.மீ. என்றால் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. இந்த நேரத்துக்குள் முடித்தால் போதும். முதலிடம், கடைசி இடம் என்று எதுவுமில்லை. பாரிஸிலுள்ள 1904-ல் தொடங்கப்பட்ட சங்கம்தான் இன்றும் எல்லா நாட்டுச் சவாரிகளுக்கும் ஒப்புதல் முத்திரை போடுகிறது. இந்தியாவிலும் இது நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தால் சூப்பர் ரான்டனர். நம் ஆட்கள் சுருக்கமாக எஸ்.ஆர். என்பார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் விடிகாலை டீக்கடைகளில் இவர்களைப் பார்க்கலாம். ஒளிரும் பட்டை போட்ட மேலாடை, சைக்கிளில் பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கு. குறித்த ஊரைத் தொட்டதற்குச் சாட்சியாக ஏ.டி.எம்.மில் எடுத்த சீட்டு, வியர்வையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில், சவாரி அட்டையோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைத் தளர்த்தியதும் கடைக்காரர் கேட்பார்: “பஸ்ஸு கெடைக்கலையா தம்பி?”

“இல்லண்ணே, சைக்கிள்லதான் போகணும்.”

“எதுக்கு?”

“சும்மாதாண்ணே. ரெண்டு பழம் குடுங்க.”

எத்தனையோ ஒலிப்பதிவுகளில் ஒரு மணி நேரம் நீளும் விளக்கத்தைவிட இந்தப் பதிலில் நேர்மை கூடுதல். சர்க்கரை தீர்ந்து கை நடுங்கும் நேரத்தில் வாழைப்பழம்தானே பெரிய விஷயம்.

இவர்கள் எல்லாருடைய கண்ணும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் மேல் இருக்கும். 1891-ல் ஒரு பத்திரிகை நடத்திய பந்தயமாகத் தொடங்கி, இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கி.மீ. சவாரி. பெரும்பாலோருக்கு 90 மணி நேரக் கெடு. இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் போகிறார்கள். அங்கே கிராமத்து மக்கள் இரவெல்லாம் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காப்பி கொடுப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். ஊர் திரும்பியதும் ஒரு தபால் அட்டை போடுங்கள் என்று மட்டும் கேட்பார்கள். போய்வந்தவர்கள் மேட்டையும் எதிர்க்காற்றையும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, அந்த மேசைகளைப் பற்றி நெடுநேரம் பேசுவார்கள்.

1,200 என்ற எண்ணைக் கேட்டால் எனக்கு இன்னொரு பயணமும் நினைவுக்கு வந்துவிடுகிறது. 2020 மே மாத ஊரடங்கில், பீகாரைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி, காயம்பட்டிருந்த தகப்பனைப் பழைய சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, குருகிராமிலிருந்து தர்பங்கா வரை மிதித்தாள். ஏறத்தாழ அதே தூரம். சில நாட்களிலேயே அது அபாரமான தாங்குதிறனின் கதையாக உலகெங்கும் பாராட்டப்பட்டது. சைக்கிள் சம்மேளனம் தேர்வுக்குக் கூப்பிட்டது. வாடகை கொடுக்க முடியாமல், ரயில் இல்லாமல் கிளம்பியதைச் சாகசம் என்பதா என்று பலர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானது. வேண்டாமென்றால் நின்றுவிடலாம் என்ற வசதி இருந்தால்தான் அது சாகசம். பிரெஸ்ட் போகிறவர் முடியாவிட்டால் ரயில் ஏறலாம், பெயருக்கு நேரே, முடிக்கவில்லை என்பதற்கு டி.என்.எஃப். என்று மூன்று எழுத்து விழும், அத்தோடு சரி.

இந்த வசதிக்குப் பின்னால் பணம் இருக்கிறது, கடவுச்சீட்டும் இருக்கிறது. 2018-ல் புனேவைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்ணி 20 வயதுக்குள் உலகைச் சுற்றக் கிளம்பினார். கனடாவில் கரடி துரத்தியது, ஸ்பெயினில் கத்தி முனையில் பணம் பறித்தார்கள், ரஷ்யப் பனியில் தனியாகக் கூடாரம் போட்டுப் படுத்தார். 159 நாளில் முடித்துவிட்டு வந்தவரிடம் எல்லாரும் கரடியைப் பற்றியே கேட்டார்கள். விசாவால் ஏற்பட்ட தாமதத்தையும் அவர் சொல்லத்தான் செய்தார், அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஐரோப்பியக் கடவுச்சீட்டு உள்ளவர் எல்லையில் நின்று முத்திரை வாங்கும் நேரத்தில், இந்தியர் தூதரகத்துக்கு வங்கிக் கணக்கு அறிக்கை அனுப்பவேண்டும். அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் ஜென்னி கிரஹாம் தனியாகவே 124 நாளில் சுற்றிவந்தார். அதற்கு முந்தைய ஆண்டு மார்க் போமான்ட் 78 நாள் 14 மணி 40 நிமிடத்தில் முடித்தார், தினமும் 16 மணி நேரம் சைக்கிளில், கூடவே ஒரு பெரிய குழு. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு யார் வேகம் என்று பார்ப்பது வீண் வேலை.

நம் நாட்டுக்காரர்களில் முன்னோடிகள் பம்பாய்ப் பார்சி இளைஞர்கள். 1923 அக்டோபரில் ஆறு பேர் கிளம்பினார்கள். அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூவர் மட்டும் சுமார் 71,000 கி.மீ. சுற்றி 1928-ல் ஊர் திரும்பினார்கள். அவர்கள் எழுதிய புத்தகத்துக்கு நேரு முன்னுரை கொடுத்தார். வழியில் விலகிய மூவர் தங்கள் கதையை எழுதியதாகத் தெரியவில்லை. ஆறில் மூன்று பேரின் கதைதான் நம்மிடம் இருக்கிறது. சாகச இலக்கியம் முழுவதற்கும் இந்தக் குறை உண்டு: முடித்தவரே பேசுகிறார்.

சிலர் திரும்பவே இல்லை. ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ்கான்டினென்டல் போட்டியை 2013-ல் தொடங்கியவர் இங்கிலாந்தின் மைக் ஹால். 2017 மார்ச் 31 அன்று, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டிலிலிருந்து சிட்னி வரை நடந்த போட்டியில் இரண்டாவது இடத்தில் வந்துகொண்டிருந்தபோது, கான்பெராவுக்கு அருகே விடியும் முன் கார் மோதி இறந்தார். போட்டி அப்போதே நிறுத்தப்பட்டது. டிரான்ஸ்கான்டினென்டல் அவர் துணைவியாரும் நண்பர்களும் முயன்றதால் தொடர்ந்தது. 2019-ல் அதை வென்றவர் 24 வயது ஜெர்மானிய மருத்துவ மாணவி ஃபியோனா கோல்பிங்கர், அதற்குமுன் இப்படியொரு போட்டியில் கலந்துகொண்டதே கிடையாது. பல்கேரியாவின் புர்காஸிலிருந்து பிரான்ஸின் பிரெஸ்ட் வரை 4,000 கி.மீ., பத்து நாள் இரண்டே முக்கால் மணி நேரம். நடுவில் சோதனைச்சாவடியாக இருந்த விடுதியில் பியானோவைப் பார்த்ததும் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். மைக் ஹாலைப்போலவே ரோபிச்சும் சைக்கிளில்தான் இறந்தார், 2010 செப்டம்பரில், சொந்த ஊர் மலைப்பாதையில் பயிற்சியின்போது கார் மோதி. தூக்கமின்மையையும் மலைகளையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் இந்த உலகம், அதிகமாக உயிர் குடிப்பது சாதாரணக் கார் என்பதைப் போகிறபோக்கில்தான் சொல்லும்.

திரும்பிவிடுவதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஸ்வீடனின் யோரான் க்ராப் 1995 அக்டோபரில் ஸ்டாக்ஹோமிலிருந்து சுமைகளோடு சைக்கிளில் கிளம்பி நேபாளம் வந்தார். 1996 மே 3 அன்று, ஆக்சிஜன் இல்லாமல், உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் இருக்கையில், நேரமாகிவிட்டது என்று எவரெஸ்டில் திரும்பி இறங்கிவிட்டார். ஏழு மாத உழைப்பு. அந்த முடிவை வெளிப்படையாக மெச்சிய வழிகாட்டி ராப் ஹால், ஒரு வாரம் கழித்து அதே மலையில், நேரம் கடந்து உச்சியில் நின்றதால் இறந்தார். க்ராப் மே 23-ல் மறுபடி ஏறி வென்றார். 2002-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சின்னப் பாறையில் ஏறும்போது விழுந்து இறந்தார். அவரைப் பற்றிய பேச்சில் மே 23 பெரிதாகவும் மே 3 அடிக்குறிப்பாகவும் வருகிறது. மாற்றிச் சொல்லவேண்டும் என்பேன்.

கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2018-ல், பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு உடைந்து, படுத்த இடத்தைவிட்டு நகர முடியாமல் கிடந்தார். பிரெஞ்சு மீன்வளக் கப்பலான ஒசிரிஸ் வந்து மீட்டது. முதுகில் டைட்டானியம் கம்பிகளோடு 2022-ல் அதே போட்டிக்கு மறுபடி போய், 236 நாள் கடலில் இருந்து, இரண்டாவதாக வந்தார். உடைந்த முதுகோடு மறுபடி ஏன் போனீர்கள் என்று கேட்டவர்கள் அநேகம். அந்த 236 நாளும் வீட்டில் இருந்தவர்களிடம் கேட்டவர்கள் யாரேனும் உண்டா?

நிறுத்தியபிறகு என்ன ஆகிறது என்பதற்கு டாமி காட்வினைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்து ஏழைப் பையன், கடைச் சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கனத்த சைக்கிளில் பழகியவர், சைவ உணவுக்காரர். 1939-ல் ஒரே வருடத்தில் 75,065 மைல் மிதித்தார், நாளுக்கு 330 கி.மீ. நடுவில் உலகப்போர் வந்து ஊரெல்லாம் விளக்கை அணைத்துவிட்டது. மூடி மறைத்த சைக்கிள் விளக்கின் கீற்று வெளிச்சத்தில் ஓட்டினார். அந்தச் சாதனை 2016 வரை நின்றது. அதன்பின் அதை மிஞ்சிய அமெரிக்கப் பெண் அமாண்டா கோக்கர், ஃப்ளோரிடாவில் ஒரு பூங்காவின் சுமார் 11 கி.மீ. வட்டத்திலேயே சுற்றிச்சுற்றி ஒரு வருடத்தில் 86,573 மைல் சேர்த்தார். முன்பொரு சமயம் சாலையில் கார் மோதிப் படுகாயம் அடைந்தவர் அவர். பூங்காவுக்குள்ளேயே சுற்றியதைச் சாகசமா என்று கேட்பவர்கள் முதலில் அதை நினைத்துக்கொள்ளட்டும்.

காட்வின் 1940 மே மாதம் ஒரு லட்சம் மைல் தொட்டபிறகுதான் சைக்கிளைவிட்டு இறங்கினார். நடக்கப் பழகவே வாரக்கணக்கில் ஆனது, ஹேண்டில்பாரைப் பிடித்துச் சுருண்டுபோன விரல்கள் நேராக நாளானது. பிறகு விமானப்படையில் சேர்ந்தார். போர் முடிந்து வந்தவர் பழையபடி ஞாயிற்றுக்கிழமைச் சங்கப் போட்டிகளில் ஓட்ட ஆசைப்பட்டார். நிறுவனத்திடம் காசு வாங்கி ஓட்டியவர் தொழில்முறைக்காரர், அவர் இனி எங்கள் போட்டியில் ஓட்டக்கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. நண்பர்கள் கையெழுத்து வேட்டை நடத்தி மனு கொடுத்தும் பலிக்கவில்லை. அவர் உள்ளூர்ச் சங்கத்துப் பையன்களுக்குச் சைக்கிள் பயிற்சியாளராகப் போய்ச் சேர்ந்தார்.